கவுன்சில் கடிதம் வந்தால் என்ன செய்வது?

போன மாதம் ஒரு தம்பி கடைப் பை ஒன்றுடன் எமது அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் கொட்டினால் 14 கடிதங்கள், ஒன்றும் உடைக்கப்படவில்லை. "அக்கா, ஹோம் ஒபீஸோ பொலிசோ தெரியேல்லை. பயத்தில அப்படியே வைச்சிட்டன்" என்றார்.

அந்தப் பயம் எனக்கு விளங்காததல்ல. ஊரில் அலுவல் ஏதும் என்றால் கிராம சேவையாளரிடம் நேரே போய்க் கதைப்போம். இங்கிலாந்தில் கவுன்சில் உங்களோடு கதைப்பது பெரும்பாலும் கடிதத்தில்தான். பதில் போடாவிட்டால், உங்களுக்கு அது வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். உங்கள் அகதி விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது ஹோம் ஒபீஸ். கவுன்சில் வேறு. குப்பை எடுப்பது, நூலகம், பள்ளிக்கூட இடம், வீடில்லாதவர்களுக்கு உதவி எல்லாம் கவுன்சிலின் வேலை. வீடு மாறினால் ஹோம் ஒபீசுக்கு அறிவித்தது காணாது, கவுன்சிலுக்கும் தனியாக அறிவிக்க வேண்டும்.

அந்தப் பையில் முக்கியமானவை மூன்று. ஒன்று கவுன்சில் வரி பில். தொகையைக் கண்டதும் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் ஹோம் ஒபீஸ் தந்த வீட்டில் இருக்கும் அகதி விண்ணப்பதாரர் அந்த வரி கட்டத் தேவையில்லை, அது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. அதற்காகப் பில்லை எறிந்துவிடாதீர்கள். நிலைமையை எழுதி அறிவித்தால்தான் அவர்கள் நிறுத்துவார்கள்.

இரண்டாவது, வாக்காளர் பதிவுப் படிவம். விசா அனுமதி எதுவும் இல்லாதவர் பெயரைப் பதியக்கூடாது. ஆனால் பதில் கேட்டிருந்தால், இந்த வீட்டில் பதியத் தகுதியானவர் இல்லை என்றாவது பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 1000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அனுமதி கிடைத்தபின், 18 வயதான இலங்கை, இந்தியப் பிரசைகள் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் இங்கே வாக்களிக்கலாம்.

மூன்றாவதுதான் மனதை வருத்தியது. அவருடைய மகளுக்கு வீட்டுக்குக் கிட்டவே பள்ளிக்கூட இடம் கிடைத்திருந்தது. ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டு, பதிலுக்குத் திகதியும் போட்டிருந்தார்கள். திகதி முடிந்து மூன்று கிழமை. நாங்கள் ரெலிபோன் எடுத்தபோது இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. இப்போது அந்தப் பிள்ளை இரண்டு பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள், கிட்டடிப் பள்ளிக்கூடத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கிடக்கிறது.

பிழை முழுக்கத் தம்பியுடையது என்று நான் சொல்லமாட்டேன். முன்பு பல கவுன்சில்களின் பிரசுரங்களில் பின்பக்கத்தில் தமிழிலும் ஒரு வரி இருக்கும்: உங்கள் மொழியில் வேண்டுமென்றால் கேளுங்கள் என்று. மொழிபெயர்ப்பைக் குறைக்கும்படி மத்திய அரசு 2007 டிசம்பரிலும் பிறகு 2013இலும் கவுன்சில்களுக்குச் சொன்னது. ஆங்கிலம் படிக்க வைக்கத்தான் என்றார்கள். படிக்கத்தான் வேண்டும்; ஆனால் வந்து இரண்டு மாதமான ஒருவர் இப்படிக் கடிதத்தை எப்படி விளங்குவார்?

ஆனாலும் கேட்கலாம். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்து, "தமில் இன்ரப்ரெற்றர் பிளீஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். பல கவுன்சில்களில் உரைபெயர்ப்பாளரை அதே அழைப்பில் இணைப்பார்கள். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். நான் ஊரில் படிப்பித்தனான். வீட்டுக் கடன் கடிதத்தை வாசித்த பிள்ளைக்கு அடுத்த நாள் பாடம் ஏறாது.

கவுன்சில் பதில் தராவிட்டால் உங்கள் பகுதிக் கவுன்சிலரைச் சந்திக்கலாம். பலர் குறித்த நாட்களில் மக்களைச் சந்திக்கிறார்கள். அதற்குப் பெயர் 'சேர்ஜரி', டொக்டரிடம் போவதுமில்லை, ஊசியுமில்லை! அங்கே வசித்தால் போதும், வாக்குரிமை தேவையில்லை.

கடிதம் வந்த அன்றே உடையுங்கள். பதிலுக்குத் திகதி இருக்கிறதா என்று பார்த்து அதைக் கலண்டரில் குறியுங்கள், மேலே உள்ள றெபரன்ஸ் இலக்கத்தைப் பதிலில் எழுதுங்கள். விளங்காவிட்டால் உறையோடு எங்களிடம் கொண்டு வாருங்கள், பை நிறையும்வரை பார்த்திருக்க வேண்டாம்.