வைத்தியரிடம் ஒப்படைத்த அந்தரங்கம்

1995-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், வடகிழக்கு மாநிலமொன்றிலிருந்து நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்திருந்த ஒரு டாக்டர், ரத்தம் போதாமல் அறுவை சிகிச்சை தள்ளிப்போனதன்பேரில், ரத்ததானம் செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அவருடைய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. கிருமி காணப்பட்டு, செய்தியும் வெளியே போய், டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய விவாகம் நின்றது. சுற்றத்தாரின் ஒதுக்கலுக்கு ஆளான அவர், ஊரைத் துறந்து சென்னையிலேயே வந்து தங்க நேர்ந்தது. தம் இரகசியத்தைக் காக்க மருத்துவமனை தவறியதென்று அவர் தொடுத்த வழக்கு, பெயர்கள் மறைக்கப்பட்டு, 'எக்ஸ் எதிர் இசட் மருத்துவமனை' என்று சட்ட நூல்களில் வழங்கிவருகிறது.

1998-ல் சுப்ரீம் கோர்ட் அவருடைய மனுவைத் தள்ளியது. அந்தரங்கம் ஓர் உரிமைதான். ஆயினும் மணக்கவிருந்த பெண்ணின் ஆரோக்கியமும் உரிமையாகையால், இரண்டும் மோதுமிடத்தில் பின்னதே மேலோங்கும் என்பது தீர்ப்பின் சாரம். அத்துடன் நில்லாமல், கிருமியுள்ளோரின் விவாக உரிமை குறித்தும் அதில் சொல்லப்பட்டிருந்ததை, அவசியமற்ற பிரஸ்தாபமென்று 2002-ல் அதே நீதிமன்றம் விலக்கியது. (இந்தியாவில் இக்கிருமியை 1986-ல் முதன்முதல் கண்டறிந்த சென்னைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சுனிதி சாலமன், பிற்காலத்தில் கிருமியுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்து மணம் முடித்துவைத்தார், அவருக்கு உலகம் தெரிந்திருந்தது.)

ஆனால் நோயாளியின் இரகசியத்தை யார், எவரிடம், எம்முறையில் சொல்வது? அதற்கு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. – எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் விடை தருகிறது. நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பொதுவாக எவரும் வெளியிடலாகாது. துணைவருக்கு மெய்யான அபாயம் இருந்து, தாமே சொல்லிவிடும்படி புத்திமதி கூறியும் நோயாளி சொல்லமாட்டாரென்று தெரிந்தால், தாம் சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டு, டாக்டரோ ஆலோசகரோ அத்துணைவரிடம் நேரில் சொல்லலாம். மற்ற நோய்களுக்கும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து ஒழுக்க விதிகள் இதே போக்கில் அமைந்தவை: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ நேரும் கடும் அபாயம், அரசுக்கு அறிவித்தாக வேண்டிய தொற்றுநோய் ஆகிய சந்தர்ப்பங்களிலன்றி வைத்தியர் வாய் திறக்கலாகாது.

வைத்தியர் பெரும்பாலும் திறப்பதுமில்லை; இரகசியம் கசிவது வேறு வழியில். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ மாலை வேளையில் ஒரு ஸ்பெஷலிஸ்டின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். "கருத்தரிப்புக்கா, தோலுக்கா?" என்று வரவேற்பு மேஜையிலிருந்து எழும் குரல் வாசல்வரை கேட்கும், ஃபைல்கள் பெயர் தெரியும்படி அடுக்கிக் கிடக்கும், அடையாறிலிருந்து வந்த மருமகளின் பரிசோதனை முடிவு, முன்பதிவு செய்த மாமனாரின் வாட்ஸ்அப்புக்கு முதலில் போய்ச் சேரும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. நஷ்டம் மட்டும் மருமகளுடையது. ஆகவே, எந்த எண்ணுக்கு அனுப்புவது, உடன் வந்தவரிடம் எதைச் சொல்லலாம் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கையில் இன்னொரு பெண் உடனிருக்கவேண்டுமென்று கேட்கலாம். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்பதும் மேற்சொன்ன 2002-ஆம் வருஷத்து விதிகளில் உள்ளதே.

நோயாளிக்கும் கடமை உண்டு. வேறிடத்தில் உட்கொள்ளும் மருந்தையும் பழைய நோயையும் ஸ்பெஷலிஸ்டிடம் மறைப்பவர், இரகசியத்தைக் காத்ததாக எண்ணித் தம் தேகத்தையே பணயம் வைக்கிறார். காத்திருக்கும் அறையில் அலைபேசியால் படமெடுப்பவர், பக்கத்து நாற்காலிக்காரரின் அந்தரங்கத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறார். கோபத்தில் டாக்டர்மீது கைவைப்பதோ, 2008-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அந்தரங்கம் மீறப்பட்டால் முதலில் அந்தக் கிளினிக்குக்கே தேதியிட்டுக் கடிதம் எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரே தவறியிருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். நஷ்டஈடு கோருவோர், வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.