குழந்தையின் பித்தநாளத்தில் ஒரு கல்

கண்ணில் மஞ்சள், சிறுநீரில் கருமஞ்சள், மலத்திலோ வெளிறிய சாம்பல் நிறம். ஒரு சிறுவனிடம் இம்மூன்றும் சேர்ந்து காணப்பட்டால், பித்தநீரின் வழி அடைபட்டிருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவார். ஏன்?

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து, பித்தநாளத்தின் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இதிலிருந்தே வருகிறது. நாளம் அடைபட்டால் நிறப்பொருள் இரத்தத்திற்குத் திரும்பிவிடும், மலம் வெளுக்கும்.

சிறுவர்க்கும் பித்தநாளத்தில் கல் வருமா? வரும். பிறவியிலேயே சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய் உள்ளவர்களுக்கு நிறப்பொருள் மிகுந்து கல்லாக உறைகிறது. குடலில் வாழும் உருண்டைப்புழு நாளத்தினுள் ஏறி அடைத்துவிடுவதும் உண்டு.

வயிற்றைக் கிழிக்காமலே இக்கல்லை எடுக்கலாம். வளையும் குழாயான அகநோக்கியை வாய் வழியே முன்சிறுகுடல் வரை செலுத்துகின்றனர். இரைப்பையைப் பார்க்கும் அகநோக்கி நேர் எதிரே நோக்கும். இதன் கண்ணோ பக்கவாட்டில் அமைந்தது. பித்தநாளத்தின் வாய் குடலின் பக்கச் சுவரில் இருப்பதே காரணம். அவ்வாயினுள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ் கதிரில் தெரியும் மருந்தைச் செலுத்தினால் கல் இருக்குமிடம் புலப்படும். அமெரிக்காவில் மக்கூன் குழுவினர் 1968-இல் இதை வெளியிட்டனர். வாயை மின்கம்பியால் சற்றே வெட்டி விரிக்கும் முறையை 1974-இல் ஜப்பானிய, ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்டனர். பின்னர் சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லை வெளியே இழுத்துவிடலாம்.

குழந்தைகளிடம் இது எளிதன்று. பெரியவர்களுக்கான குழாயின் பருமன் 11 மி.மீ.க்கு மேல். அது கைக்குழந்தையின் மென்மையான மூச்சுக்குழலை அழுத்திவிடும். ஆகவே 7.5 மி.மீ. பருமனுள்ள குழாய் செய்யப்பட்டது. ஆனால் அதனுள் கருவிகள் செல்லும் வழியின் அகலம் 2 மி.மீ.தான், பல கருவிகள் நுழையா. குழந்தை அசையாதிருக்க மயக்க மருந்தும் தேவை. வளரும் உயிரணுக்களைக் காக்க, எக்ஸ் கதிரை மிகக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கணையத்தின் நாளமும் பெரும்பாலும் அதே வாயில்தான் திறக்கிறது. அது சீண்டப்பட்டால் கணையம் வீங்கக்கூடும். எனவே நோயை அறிவதற்கு இன்று முதலில் ஒலி அலைப் படமும் காந்தப் படமும் எடுக்கின்றனர். அடைப்பை நீக்க வேண்டியபோதுதான் பெரும்பாலும் அகநோக்கியை நாடுகின்றனர்.

இக்கருவியால் தீராத அடைப்பும் ஒன்றுண்டு. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் பித்தநாளமே தூர்ந்துபோகிறது. அறுவை மருத்துவம்தான் வழி. 60 நாட்களுக்குள் செய்தால் பயன் மிகுதி. பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலமும் வெளுத்திருந்தால், "தானே சரியாகிவிடும்" என்று காத்திருக்கலாகாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.