சமைத்தவரின் பெயர் எங்கே?

இலுப்பைக்கடவையில் ஒரு மாதர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்த ஏழு பேருக்கும் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். பின்புறத் தகரக் கொட்டிலில் நூற்றுச் சொச்சம் பேருக்குச் சோறும் மீன்குழம்பும் ஆக்கிய அக்கா, கையில் அகப்பையோடு கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எவரும் மேடைக்கு அழைக்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்ட அறிக்கையில் “மதிய போசனத்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது” என்று ஒரு வரி. போசனம் தானாக நடந்து வந்தது போல!

கூட்டம் கலைந்தபின் அந்த அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்தோம். உயர்தரம் படிக்கும் மகள், பாடத்துக்காகக் கைத்தொலைபேசியில் ஒரு தமிழ்க் கட்டுரையைத் தேடி எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் ஆர் எழுதினது?” என்று தாய் கேட்டார்.

“கூகிள்” என்றாள் மகள்.

கூகிள் எழுதவில்லை. அது தேடித்தான் கொடுத்தது. அவள் வாசித்தது தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை. 2003ஆம் ஆண்டு தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தில் எழுதுவோர் சம்பளம் இல்லாத தொண்டர்கள். ஆசிரியர், மாணவர், ஓய்வூதியர், வெளிநாட்டில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பி இரவில் எழுதுபவர் எனப் பல தரத்தார் உள்ளனர். ஒருவர் தொடங்குவதை இன்னொருவர் திருத்துவார். மூன்றாமவர் படம் சேர்ப்பார். எங்கள் கொட்டில் சமையலும் அப்படித்தானே, ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் மீன் வெட்ட.

ஒரு வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் மேலும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இக்கட்டுரையை முதலில் தொடங்கியவர் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, பின்பு யார் எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் வரிசையாக வரும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியவரின் பெயர்கூட அங்கே கிடக்கும். மகள் அழுத்திக் காட்டினாள். தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

தமிழில் இத்தகைய நூல் செய்யும் முயற்சி எமது நாட்டிலேயே முளைத்தது. மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வந்தது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வந்தன. இவர்களின் உழைப்பு மலை போன்றது. ஆனால் அந்த வீடுகளில் அடுப்பெரித்து, விருந்தினரை உபசரித்து, இரவு விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர்களின் பெயர் அட்டையில் இல்லை. அச்சுக்கு அப்படியொரு வழக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க நாள்களில் கைவிட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். கட்டடக் கலைஞரான அவர் ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

பெரிய விருது பெரியவருக்கு. சரி. சிறியவர்களுக்கு என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. இந்தத் தொண்டர்கள் ஒருவருக்கொருவர் பதக்கம் கொடுக்கிறார்கள்! தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஒரு சிறு படந்தான். அமெரிக்க நாட்டுப்புறத்தில் களஞ்சியக் கொட்டில்களின் சுவரில் பெரிய நட்சத்திரம் பதிக்கும் வழக்கம் உண்டு. அந்த நட்சத்திரத்தை எடுத்து 2003ஆம் ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் பாராட்டுப் பதக்கமாக்கினார்கள். தமிழிலும் அது ‘பதக்கம்’ என்று வழங்குகிறது. எந்தத் தொண்டரும் எந்தத் தொண்டருக்கும் வழங்கலாம், தலைவர் கையொப்பம் தேவையில்லை. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று இரண்டு வரி எழுதுவது வழக்கம். 2013 முதல் ‘நன்றி’ என்றொரு பொத்தானும் உண்டு. ஒருவர் செய்த குறிப்பிட்ட ஒரு திருத்தத்துக்கு அதை அழுத்தி நன்றி சொல்லலாம். பொதுவாக “அனைவருக்கும் நன்றி” என்று ஒலிபெருக்கியில் சொல்வதைவிட “நீ நேற்றுச் செய்த அந்த வேலைக்கு நன்றி” என்பது எவ்வளவு மேல்!

பெண்களின் நிலை அங்கேயும் அவ்வளவு நன்றாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உலகளவில் எழுதும் தொண்டர்களில் பத்துப் பேருக்கு ஒருவர், இருவரே பெண்கள் என்று பல கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. எழுதுபவர் குறைந்தால் எழுதப்படுபவரும் குறைவர். கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018 ஒக்டோபரில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது அவரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரையே இருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவை, போதிய ஆதாரம் காட்டவில்லை என்று திருப்பிவிட்டிருந்தார்கள்.

எமிலி ரெம்பிள்-வூட் என்ற அமெரிக்க மாணவி இப்படிப்பட்ட குறையை நிரப்ப வந்தவர். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதினார். இழிவான மின்னஞ்சல்கள் அவருக்கு வந்தன. அவர் ஒரு முடிவெடுத்தார்: வரும் ஒவ்வொரு இழிவான கடிதத்துக்கும் ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிக் கட்டுரை. 2016இல் அவரும் ரோசி ஸ்டீபன்சன்-குட்நைட் என்பவரும் அவ்வாண்டின் சிறந்த விக்கிப்பீடியராகச் சேர்த்துக் கௌரவிக்கப்பட்டார்கள்.

இதை அக்காவுக்குச் சொன்னபோது சிரித்தார். பிறகு கேட்டார்: “சம்பளம் ஏதும் குடுப்பினமோ, பிள்ளை?”

இல்லை. இதை மறைக்கக்கூடாது. 2008 ஜூலையில் போர் இலுப்பைக்கடவையைக் கடந்தபோது இவர்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு கிழக்கே போனார்கள். 2009இல் செட்டிக்குளம் முகாம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வலையும் இல்லை. இன்று கருவாடு போட்டும், கிடுகு பின்னியும், கூலி வயலில் நின்றும், நுண்கடன் தவணை கட்டியும் குடும்பத்தைக் கொண்டிழுக்கும் பெண்ணிடம் “இன்னுமொரு சம்பளமில்லாத வேலை செய்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதக்கம் உலையில் வேகாது. சமைத்தவருக்குக் கூலி கொடுக்காமல் பொன்னாடை மட்டும் போர்த்துவதும் சரியல்ல. நேரமும் மனமும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு. பாடசாலைப் பிள்ளைகள் அவர்களில் முதலாவது.

என்ன கொடுக்கலாம்? அக்காவுக்குத் தெரிந்தது நிறைய. எந்த மீனை எப்படிக் கீறவேண்டும், எவ்வளவு உப்பு, எந்தக் காற்றுக்குக் கருவாடு கெடும், கிடுகு பின்ன ஓலையை எத்தனை நாள் ஊறவிட வேண்டும். ஆனால் அவர் சொன்னார் என்று அப்படியே கட்டுரையில் எழுத முடியாது. அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். கேட்பது நியாயந்தான், இல்லாவிட்டால் ஆளாளுக்கு எதையும் எழுதிவிடுவார்கள். எனினும் எமது பெண்களின் அறிவு அச்சுக்கு வந்ததே குறைவு. ஆகவே முதல் வேலை அதை எங்கேனும் அச்சில் கொண்டுவருவது. ஊர் மலர், பாடசாலை ஆண்டு மலர், இதைப் போன்ற மாத இதழ் எதுவானாலும் பரவாயில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற தொண்டு முயற்சி இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இணையத்தில் எவரும் வாசிக்க வைக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட சமூகத்துக்கு இதன் அருமை புரியும். அங்கே போய்ச் சேரும் ஒரு பழைய மலரை நாளை ஒரு கட்டுரை மேற்கோள் காட்டலாம்.

படத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. நீங்களே எடுத்த படமாக இருந்தால் போதும். கருவாட்டுப் பாய், பின்னி முடித்த கிடுகு, கரையில் இழுத்துவிட்ட வள்ளம். எடுத்தவரின் பெயர் அந்தப் படத்தோடு எப்போதும் இருக்கும். வேறொருவர் பயன்படுத்தினால் பெயரைக் குறிப்பிடவேண்டும். ஆனால் கவனம்: ஒருமுறை பொதுவுக்குக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது. வியாபாரிகூட அதைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் முகம், காணாமற்போன உறவினரின் படம், குடும்பத்தின் தனி விபரம் இவற்றை அங்கே போடாதீர்கள்.

“சொந்தப் பேர்தான் குடுக்க வேணுமோ?” என்று அக்கா கேட்டார். இது எமது பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிவுகளில் பெயர் இருப்பது எவ்வளவு பயமாக இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை. சொந்தப் பெயர் கட்டாயமில்லை. புனைபெயர் போதும். அதற்கும் நன்றி வரும், பதக்கமும் வரும்.

மகள் கைத்தொலைபேசியில் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். தான் நினைத்த பெயரை எழுதினாள். அது முன்பே வேறு யாரோ எடுத்துவிட்ட பெயர் என்று வந்தது. ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பார்ப்போமா என்றாள். தாய் தலையாட்டவில்லை. அடுப்படிப் பக்கம் போய் வந்து, 2009இல் இறந்த தம் தாயாரின் வீட்டுப் பெயரைச் சொன்னார். அதை எழுதியதும் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.