பொறியியல் படிக்கப் பிள்ளையை அமெரிக்கா அனுப்பலாமா? ஒரு வியாபாரியின் கணக்கு

கடந்த ஏப்ரல் மாத இறுதியில் ஓர் இரவு, நான் கடையை மூடும் நேரம் பார்த்து என் தங்கையின் கணவர் வந்தார். கையில் ஒரு கடிதம். அவரது மூத்த மகனுக்குக் கலிபோர்னியாவிலுள்ள ஹார்வி மட் கல்லூரியில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. மே முதலாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "மச்சான், இரண்டாவது கடையை விற்றால் அனுப்பி விடலாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

சரக்கு எடுக்கும்போது சதம் சதமாகப் பேரம் பேசும் நாம், பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் கணக்குப் பார்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறோம். எனவே அன்றிரவு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கை இங்கு எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவலாம்.

முதலில் கல்லூரி. 1955இல் ஆரம்பிக்கப்பட்டது, 900 பேரளவில்தான் படிக்கிறார்கள். நம் ஊரில் பெயர் தெரியாவிட்டாலும் அங்கே மிகக் கடினமான படிப்புக்குப் பெயர் பெற்றது. எந்தத் துறையை எடுப்பவரும் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணினி, பொறியியல் எல்லாவற்றையும் தொட்டே ஆக வேண்டும். முதல் அரையாண்டில் ஏ, பி என்று தரம் போடுவதில்லை. ஊரில் முதலாம் பிள்ளையாக இருந்தவன் அங்கே போய் நடுவில் நிற்கும்போது அதிர்ந்து போகாமல் பழகிக் கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். எனக்குப் பிடித்தது 'கிளினிக்' என்ற திட்டம். 1963இலிருந்து கம்பனிகள் தங்கள் உண்மையான பிரச்சினைகளைக் காசு கொடுத்து மாணவர் குழுக்களிடம் ஒப்படைக்கின்றன. நாம் பெடியனைக் கடையில் வைத்துத் தொழில் பழக்குவது மாதிரி. பட்டத்தின் அங்கீகாரத்திலும் கவலையில்லை. அமெரிக்காவின் ஏபெட் அங்கீகாரமும், 2014 முதல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் ஒரே வொஷிங்டன் உடன்படிக்கைக்குள் இருக்கின்றன.

ஆக, சரக்கு நல்ல சரக்கு. விலைதான் கேள்வி.

அங்கே ஆண்டொன்றுக்குக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து 90,000 டொலருக்கு மேல். மருமகனுக்குக் கல்லூரி உதவி தந்தது போக, 40,000 டொலர் நாம் கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு 160,000 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 4 கோடி 80 இலட்சம். 2022 மே மாதத்தைப் போல 360 ஆனால் 5 கோடி 76 இலட்சம். மச்சானின் வருமானம் முழுவதும் ரூபாவில். இதை ஒரு எல்.சி. என்று நினைத்துப் பாருங்கள். நான்கு வருடத்துக்குத் திறக்கிறோம், விலை பிறகு தெரியும் என்கிறார்கள். எவர் கையெழுத்து வைப்பார்?

என் நண்பர் ஒருவர் 2020இல் 185 ரூபாக் கணக்கில் மகனை அனுப்பினார். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். காசைப் புரட்டினாலும் வங்கியில் டொலர் கிடைக்காத காலம் அது. பிள்ளை இரண்டாம் வருடத்தோடு திரும்பி விட்டான். வீஸாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்துக்கு முதல் வருடச் செலவைக் காட்டினால் போதும். அதனால் எல்லோரும் முதல் வருடத்தையே பார்க்கிறார்கள். நான்காம் வருடத்துக் காசு எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அமெரிக்க அரசின் மாணவர் கடன் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இல்லை. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அங்குள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும், வட்டியும் உண்டு. வேலை செய்து கட்டலாம் என்றால் கல்லூரிக்குள்ளேயே, வாரம் 20 மணித்தியாலம் வரைதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று. இப்படிக் கடினமான இடத்தில் அந்நாட்டுப் பிள்ளைக்குச் சுமை தாங்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பாடத்தைக் குறைக்கலாம், ஓர் அரையாண்டு வீட்டில் இருந்து வரலாம். மாணவர் வீஸாவில் போனவன் முழுநேரப் பாடச்சுமையைச் சுமந்தே ஆக வேண்டும். குறைப்பதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அது குறிப்பிட்ட சில காரணங்களுக்கே கிடைக்கும். படிப்பை இடைநிறுத்தினால் பொதுவாக நாடு திரும்ப வேண்டியதுதான்.

பட்டம் எடுத்த பின் பொறியியல்காரர் மூன்று வருடம் வரை அங்கே வேலை செய்யலாம். அதற்கு மேல் எச்-1பி வீஸா. அதற்குக் குலுக்கல் நடக்கிறது. குலுக்கலில் விழப்போகும் சம்பளத்தை நம்பி ஒரு கடையை விற்பதா?

மருமகனைத் தனியே கூப்பிட்டேன். அவனது இஸட் புள்ளிக்கு மொறட்டுவை கிடைக்கும் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே கட்டணம் இல்லை. பிறகு கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்கா போனால், நல்ல பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணத்தையும் விட்டு மாதப் படியும் தருகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, "அங்கே போய் வகுப்பில் கடைசியாக வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"கடைசியாக வந்தால் பரவாயில்லை மாமா. வாப்பாட கடையை வித்திட்டுக் கடைசியாக வந்தால்தான் பயம்" என்றான்.

முழு உதவி கிடைத்திருந்தால், அல்லது மச்சான் டொலரில் உழைக்கும் ஏற்றுமதிக்காரராக இருந்திருந்தால், நானே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஏப்ரல் 30ஆம் திகதி அவனே கல்லூரிக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதினான். தங்கை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தக் கடிதத்தை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.