நெற்பயிரைக் கெடுக்கும் குலைநோய்

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் வலையும் படகுமே பிழைப்பு. ஏரிக்கு மேற்கே, பொன்னேரி வட்டத்தின் பல ஊர்களில் நெல்லே வாழ்வு. அங்கு சம்பா பொய்த்தால் உழவர் கடனாளியாவர். ஆகவே, நெல்லுக்குப் பெரும்பகையான குலைநோயை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு நுண்ணிய பூசணம். 1913-ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியில் இந்நோய் முதன்முதலாகக் குறிக்கப்பெற்றது. 1919-இல் அங்கே பெருஞ்சேதம் விளைவித்தது. இதே பூசணத்தின் மற்றொரு வகை, 2016-இல் வங்காள தேசத்தின் கோதுமை வயல்களையும் தாக்கிற்று.

முதலில் இலைகளில், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். பின்னர் கணுக்கள் கறுக்கும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் கதிர் ஒடிந்து தொங்கும், மணிகள் பதராகும். உழவு, நடவு, களை, உரம் எனச் செலவெல்லாம் முடிந்தபின் வருவதால் இதுவே மிகக் கொடியது.

குளிர்ந்த இரவும், இலையில் நீங்காத ஈரமும், மேகமூட்டமும் நோய்க்கு ஏற்றவை. மார்கழிப் பனியை நாம் தடுக்க இயலாது. ஆனால் நோய்க்குத் துணையாகும் மற்றொன்று நம் கையிலேயே உள்ளது. அதுவே அளவு மீறிய யூரியா. பயிர் கரும்பச்சையாக நின்றால் விளைச்சல் மிகும் என்று எண்ணி அள்ளி இடுகிறோம். அவ்வாறு வளர்ந்த மெல்லிய இலை பூசணத்துக்கு எளிதில் இடந்தருகிறது.

செய்யத்தக்கவை எளியவை. நோயற்ற வயலின் விதையையே எடுத்து, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்க வேண்டும். இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தழைச்சத்தைப் பல தவணைகளில் இட வேண்டும். நோய் கண்டால் யூரியாவை நிறுத்திவிட வேண்டும். வரப்புப் புல்லை அகற்ற வேண்டும். நோயுற்ற வைக்கோலை நாற்றங்காலுக்கருகில் போடலாகாது. எதிர்ப்புள்ள இரகம், தெளிமருந்து ஆகியவை பற்றி வேளாண்மை அலுவலரையோ, திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்டறிதல் நலம்.

பூசணத்தின் வித்துக்கள் காற்றில் பறப்பவை; அவற்றுக்கு வரப்பு எல்லையன்று. ஒருவர் காத்து, அடுத்தவர் அசட்டையாக இருப்பின் பயனில்லை. ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, முதற்புள்ளியைக் கண்டவர் அன்றே ஊருக்கு அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவார்களாக. கதிர் வந்தபின் வருந்துவதைவிட இலையில் விழித்துக்கொள்வதே அறிவுடைமை.