அசலும் அனுபோகமும்

ஒரு பொருளுக்கு உடையவன் யார் என்ற கேள்வி நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்குப் புதியதன்று. பத்திரம் ஒருவர் பேரில் இருக்கும். அனுபோகம் மற்றொருவரிடம் இருக்கும். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிலத்தின் பக்கமே எட்டிப்பாராதவன், ஒரு நாள் அந்த நிலத்தையே இழக்க நேர்வதும் உண்டு. நிலத்துக்குச் சொல்லும் இந்த நீதி யந்திரத்துக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு அமெரிக்கப் பள்ளி உபாத்தியாயர் ஒருவர் அரை நூற்றாண்டுச் சாட்சியத்தை விட்டுச் சென்றிருக்கிறார்.

நியூயார்க் நகரத்தை அடுத்த லாங் ஐலண்டில் விஞ்ஞான ஆசிரியராயிருந்த இர்வ் கார்டன், 1966-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4,150 டாலர் கொடுத்துச் சிவப்பு நிற வால்வோ பி1800எஸ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அந்தத் தொகை அக்காலத்தில் அவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம். 2013 செப்டம்பரில் அலாஸ்கா மாகாணத்துச் சாலையொன்றில் அதே கார், அதே மனிதர் கையில், முப்பது லட்சம் மைலை எட்டிற்று. 2018 நவம்பரில் அவர் காலமானபோது கணக்கு முப்பத்திரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரே சொந்தக்காரரின் கையில், வாடகைத் தொழிலில் ஈடுபடாமல், மிக அதிக தூரம் ஓடிய கார் என்று கின்னஸ் புத்தகம் 1998-லேயே இதைப் பதிவு செய்துவிட்டது.

முப்பது லட்சம் மைல் என்பது பூமியை நூற்றிருபது தடவை சுற்றிவரும் தூரம். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு அதைப் பங்கிட்டால், நாள் ஒன்றுக்கு நூற்றெழுபது மைலுக்குக் குறையாது. பள்ளிக்குப் போய்வரவே அவருக்குத் தினமும் 125 மைல் ஓட்டவேண்டியிருந்தது.

இப்படி உழைத்த வண்டி எத்தகையது? ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியார் முதலில் இதை இங்கிலாந்தில் ஜென்ஸன் தொழிற்சாலையில் கூட்டுவித்தார்கள். வேலையின் தரம் அவர்களுக்குத் திருப்தியளிக்கவில்லை. 1963-ல் அவ்வேலையைத் தம் நாட்டுக்கே கொண்டுபோனார்கள். பெயரின் ஈற்றிலுள்ள 'எஸ்' எழுத்து ஸ்வீடனையே குறிக்கும். 1973 வரை செய்யப்பட்டவை சுமார் 47,000 வண்டிகளே. வடிவத்தில் இத்தாலிய நளினம். ஆனால் உள்ளேயிருந்தது 1.8 லிட்டர் கொள்ளளவுள்ள, வார்ப்பிரும்பு உடலுள்ள, நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் கிராங்க் தண்டை ஐந்து பேரிங்குகள் தாங்கின. அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் மூன்றே இருந்தன. பகட்டுக்காரனின் சட்டையை உடுத்த உழவனின் உடம்பு என்று இதைச் சொல்லலாம்.

ஆயினும் இரும்பின் பலம் ஒன்றே காரணமாயின், உடன்பிறந்த ஏனைய வண்டிகளெல்லாம் இத்தனை தூரம் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லையே! கார்டன் செய்த காரியத்தில் மந்திரமோ மாயமோ இல்லை. வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தை அவர் படித்தார், படித்தபடி நடந்தார். மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு மைலுக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றினார். அந்தக் கணக்குப்படி எண்ணூறு தடவைக்குமேல் மாற்றியிருக்கவேண்டும். எஞ்சினை முதன்முதலாகப் பிரித்துப் புதுப்பித்தது 6,80,000 மைல் ஓடிய பிறகே. நீண்ட நெடுஞ்சாலைப் பிரயாணமும் அவருக்குத் துணைசெய்தது. எஞ்சின் அதிகமாகத் தேய்வது குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான்; சூடேறிச் சீரான வேகத்தில் செல்லும்போது தேய்மானம் குறைவு. தெருமுனைக்கு ஓட்டி நிறுத்தும் வண்டி பத்து மைலில் படும் பாட்டை, தூர வழி செல்லும் வண்டி நூறு மைலிலும் படுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வர்க்கத்தார் மேல்நாடுகளில் இருக்கின்றனர். பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, உறையிட்டுக் கொட்டகையில் பூட்டிவைப்பவர்கள் அவர்கள். மைல் கூடினால் விலை குறையும் என்பது அவர்கள் சித்தாந்தம். கார்டனோ, ஓடிய மைலுக்கு ஒரு டாலர் வீதம் தந்தால் விற்கலாம் என்று சொல்லிவந்தார்! அவர் சொன்னது வேடிக்கையேயாயினும் அதில் ஆழ்ந்த பொருள் உண்டு. பூட்டிவைத்த வண்டி அப்படியே இருப்பதாக நினைப்பது பிரமை. பெட்ரோல் உறைந்து கார்புரேட்டரை அடைக்கிறது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டரைத் துருவேற்றுகிறது. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. நின்ற இடத்திலேயே டயர் சப்பையாகிறது. உழுகிற கொழு மின்னும். பரணில் கிடக்கும் கொழு துருவேறும்.

"எத்தனையோ பாகங்களை மாற்றியபின் அது எப்படி அசல் வண்டியாகும்?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். எண்ணெயும் டயரும் பிரேக் கட்டையும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மாற்றுவது, விளக்குக்கு எண்ணெய் விடுவது போன்றது. அதனால் விளக்கு வேறாகிவிடாது. உடலும் எஞ்சினும் அவையேயாய், அவற்றை அறிந்து பேணிய கையும் அதுவேயாய் இருக்கையில், அசல் என்பதற்கு வேறென்ன லக்ஷணம் வேண்டும்?

புகையைப் பற்றிய ஆட்சேபம் இதனினும் வலியது. 1966-ஆம் வருஷத்து எஞ்சின், மைலுக்கு மைல் இன்றைய எஞ்சினைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கும் என்பது வாஸ்தவமே. எல்லோரும் பழைய கார் ஓட்டவேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் இரண்டு லட்சம் மைலுக்கு ஒரு வண்டி என்று கொண்டால், அவர் ஒருவருக்கே பதினைந்து கார்கள் தேவைப்பட்டிருக்கும். அவற்றைச் செய்ய உருக்கிய இரும்பையும் எரித்த நிலக்கரியையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுதுவதுதானே நியாயம்?

இவை யாவற்றினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. கார்டனின் வண்டியைத் திறந்து பார்க்க ஒருவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஸ்பானரும் கைப்புத்தகமும் பொறுமையும் போதும். இன்றைய வண்டியோ கம்ப்யூட்டர்களால் ஆளப்படுகிறது. அதன் நோயை அறியும் சாவி கம்பெனியிடம் இருக்கிறது. இக்குறையை உணர்ந்தே அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாண வாக்காளர்கள், பழுதறியும் விவரங்களை உடையவனுக்கும் அவன் நம்பிய மெக்கானிக்குக்கும் தரவேண்டும் என்று 2012-ல் தீர்ப்பளித்தார்கள். கம்பியில்லாமல் அனுப்பப்படும் விவரங்களுக்கும் அவ்வுரிமையை 2020-ல் விஸ்தரித்தார்கள். உற்பத்தியாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பணம் கொடுத்து வாங்கியவன் பூட்டைத் திறக்கக்கூடாது, விற்றவன் மட்டுமே திறக்கலாம் என்றால், அது கிரயமா, குத்தகையா? வாசகர்களே சொல்லட்டும்.

பழைய காரின்மீதுள்ள மோகம் செல்வரின் விளையாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. கார்டன் செல்வரல்லர், சம்பளம் வாங்கிய உபாத்தியாயர். கம்பெனியார் அவருக்குப் புதிய கார்களைப் பரிசளித்த பிறகும் பழையதையே ஓட்டினார். உடைமை என்பது ரசீதோடு முடிவதன்று. அறிதலும் பேணுதலும் பயன்படுத்தலும் சேர்ந்தாலன்றி அது நிறைவதில்லை. அறியும் உரிமையைப் பறிகொடுத்தவன், எத்தனை விலை கொடுத்திருந்தாலும், தன் பொருளுக்கே வாடகைக்காரன்.