புலப்படாக் காயம்

மாடியிலிருந்து தவறி விழுந்த ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு முறிவு ஏதும் தென்படவில்லை. பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால், மறுநாள் அக்குழந்தையின் கால்கள் செயலிழக்கின்றன. எலும்பு முறியாதிருக்கத் தண்டுவடம் காயமுற்றது எவ்வாறு?

இதற்கான விடை குழந்தையின் உடலமைப்பிலேயே உள்ளது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடத்தை முதுகெலும்புத் தொடர் அரண்போல் சூழ்ந்து காக்கிறது. பெரியவர்களுக்கு அவ்வரண் இறுகியது. பெருவிசை தாக்கினால் பெரும்பாலும் எலும்பு முறியும். இளங்குழந்தைகளுக்கோ அத்தொடரில் குருத்தெலும்பு மிகுதி. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் நெகிழ்வானவை. ஆதலால், தொடர் முறியாமல் நீண்டு, மீண்டும் பழைய நிலையை அடைகிறது. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் ஏறத்தாழ 5 செ.மீ. வரை நீளக்கூடும், அதனுள் அமைந்த தண்டுவடமோ ஏறத்தாழ 6 மி.மீ. நீண்டாலே அறுபடும். காக்கும் அரணின் நெகிழ்ச்சியே உள்ளிருப்பதற்கு ஊறாகிறது.

குழந்தையின் தலை, உடலை நோக்கப் பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகள் வலுக்குறைந்தவை. எனவே, எட்டு வயதிற்குட்பட்டோருக்குக் கழுத்தின் மேற்பகுதியே மிகுதியும் காயமுறுகிறது. மூச்சை இயக்கும் உதரவிதானத்திற்குரிய நரம்பு கழுத்துப் பகுதியில்தான் தோன்றுகிறது. ஆகவே, அங்கு நேரும் கடுங்காயம் உயிருக்கே கேடாகலாம்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் புலப்படாத இத்தகைய காயத்தைப் பாங், வில்பெர்கர் என்னும் மருத்துவர்கள் 1982ஆம் ஆண்டு விரிவாக விளக்கினர். பின்னர்ப் பரவலான எம்.ஆர்.ஐ. படம் தண்டுவடத்தின் வீக்கத்தையும் குருதிக்கசிவையும் காட்ட வல்லது. சிலருக்கு அறிகுறிகள் சில நாள்கள் கழித்தே வெளிப்படும். கழுத்துவலி, மரத்துப்போதல், மின்பாய்வது போன்ற உணர்வு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றைக் குழந்தை கூறினால் புறக்கணித்தல் கூடாது.

விழுந்த குழந்தையை வாரி எடுப்பதே தாயுள்ளத்தின் இயல்பு. எனினும், கழுத்துக் காயம் உண்டென ஐயுற்றால், தீ போன்ற பேரிடர் இல்லாதவிடத்து, குழந்தையை எடுக்காமல், தலையும் கழுத்தும் அசையாதவாறு பிடித்துக்கொண்டு 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். சமதளப் பலகையில் கிடத்தினால் பெரிய தலை கழுத்தை முன்னோக்கி வளைக்கும். ஆதலால், பயிற்சி பெற்றோர் தோளுக்கும் முதுகிற்கும் அடியில் மடித்த துணியை இடுவர்.

அறுபட்ட தண்டுவடத்தை முழுமையாகச் சீராக்கும் மருத்துவம் இன்றளவும் இல்லை. மாடியின் கைப்பிடிச் சுவரும், ஊர்தியில் குழந்தைக்குரிய இருக்கையும், விபத்தின்போது காக்கும் பொறுமையும் ஒரு குழந்தையின் வாழ்நாள் நடையைக் காக்கவல்லன.